பழைய அட்வென்ச்சர் பைக் வாங்கப் போறீங்களா? முதல்ல கீழே படுக்க வச்சுத் தூக்கிப் பாருங்க

நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

"டாக்டர், வயசு 44. லேசா சுகர் இருக்கு, மாத்திரை போடுறேன். ஒரு லட்சத்து அறுபதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு அட்வென்ச்சர் பைக் வாங்கலாம்னு ஆசை. வீட்ல வேண்டாங்குறாங்க. நீங்களும் ஓட்டுறீங்களே, சொல்லுங்க."

போன வாரம் இன்பாக்ஸில் வந்த கேள்வி இது. இதே கேள்வி வேற வேற வயசில், வேற வேற தொகையில் மாசத்துக்கு நாலு தடவை வருது. பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய ஆண்கள். இருபத்திரண்டு வயசில் ஆசைப்பட்டு, அப்புறம் தங்கச்சி கல்யாணம், வீட்டு லோன், பிள்ளைங்க ஃபீஸ்னு தள்ளிப்போட்டு, இப்பத்தான் கையில் கொஞ்சம் காசு மிஞ்சுது. அவங்களைப் பார்த்து "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்"னு கேட்க எனக்கு வாய் வராது. ஏன்னா நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்.

நான் எலும்பு மருத்துவர். வண்டியில் இருந்து விழுந்தவங்களைப் பார்க்கிறதுதான் என் தினசரி வேலை. அதனால இந்த விஷயத்தில் என் கருத்து யூடியூபில் நீங்க பார்க்கிறதுக்குக் கொஞ்சம் எதிர்ப்பக்கமா இருக்கும். அங்கே பவர், டார்க், டாப் ஸ்பீடில் ஆரம்பிப்பாங்க. நான் உங்க இடுப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் கதையை முதல்ல சொல்லிடுறேன். என் உயரம் 167 சென்டிமீட்டர். ஆறு வருஷம் முன்னாடி நான் வாங்கின முதல் அட்வென்ச்சர் வண்டி என் உயரத்துக்கானதே இல்லை. ஷோரூம் கண்டிஷன், முதல் ஓனர், பார்க்க சிங்கம் மாதிரி நின்னுச்சு. உட்கார்ந்தா ரெண்டு கால் நுனி விரல்தான் தரையில் படும். "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்"னு வித்தவர் சொன்னார். நானும் நம்பினேன். ஓடும்போது உண்மையாவே பிரச்சினை இல்லை. மூணாவது வாரம் ஒரு பெட்ரோல் பங்கில், வண்டி நின்ன பிறகு, வலது காலை ஊன்றின இடத்தில் தரை ரெண்டு இஞ்ச் பள்ளம். அவ்வளவுதான். வேகம் பூஜ்யம். மெதுவா, ரொம்ப மரியாதையா, வண்டி என்னோட சேர்ந்து சாய்ஞ்சுது. நான் செஞ்ச முட்டாள்தனம், அதைப் பிடிச்சு நிறுத்தப் பார்த்தது. தோள்பட்டைத் தசைநார் கிழிஞ்சு நாலு மாசம் கையைத் தலைக்கு மேல தூக்க முடியலை. எலும்பு டாக்டர் ஃபிசியோதெரபிக்கு வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் பேஷண்டுகள் சிரிச்சதை இன்னும் மறக்கலை.

நான் பார்க்கிற அட்வென்ச்சர் பைக் அடிகளில் கணிசமானவை இப்படித்தான் வருது. ஹேர்பின் வளைவில் சாகசம் பண்ணி இல்லை. யூ டர்ன் அடிக்கும்போது, வீட்டு வாசல் சரிவில் ரிவர்ஸ் தள்ளும்போது, பின்சீட்டில் மனைவி ஏறும்போது. வண்டி சாயும், கால் அடியில் மாட்டும், உடம்பு ஒரு பக்கம் திரும்பும், கணுக்கால் திரும்பாது. சின்ன வயசில் இது வெறும் சிராய்ப்பு. நாற்பத்தஞ்சில் பிளேட், ஸ்க்ரூ, மூணு மாசம் லீவு.

ஒண்ணு மட்டும் இப்பவே மனசில் எழுதி வச்சுக்குங்க. சாயுற வண்டியைப் பிடிக்காதீங்க. விட்டுட்டு விலகிடுங்க. கீறல் விழுந்த டேங்க்கை மாத்திக்கலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம். நம்ம ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் புழங்குற வண்டிகளைப் பார்ப்போம். 2016-ல் வந்த பழைய ஹிமாலயன் 411-க்கு சீட் உயரம் 800 மில்லிமீட்டர். ஆனா பிஎஸ்6 மாடல் பெட்ரோலோட 199 கிலோ. 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200-க்கு சீட் 823, எடை 154 கிலோதான். 2022-ல் வந்த வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 835, 167 கிலோ. நம்ம ஓசூரில் தயாரான ஜி 310 ஜிஎஸ்ஸும் 835தான், எடை 175. 2020-ல் வந்த 390 அட்வென்ச்சர் 855, எடை 177 பக்கம். 2023 கடைசியில் வந்த ஹிமாலயன் 450 சீட்டை 825, 845 ரெண்டிலும் வச்சுக்கலாம், எடை 196.

இதில் 800-க்கும் 855-க்கும் இடையில் இருக்கிறது மூணு விரல் அகலம். "மூணு விரல்தானே"ன்னு தோணும். அந்த மூணு விரல்தான் முழுப் பாதம் ஊன்றுறதுக்கும் நுனிக்காலில் நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். நம்ம ஊர் ஆண்களோட சராசரி உயரம் கிட்டத்தட்ட என் உயரம்தான், ரெண்டு சென்டிமீட்டர் முன்ன பின்ன. விளம்பரத்தில் அந்த வண்டி மேல நிக்கிறவன் ஆறடி.

சீட் உயரத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துடுவீங்க. சீட்டு அகலமா இருந்தா தொடை விரிஞ்சு கால் இன்னும் எட்டாது. நீங்க 90 கிலோ இருந்தா சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கி எட்டும். அதனால காகிதத்தில் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஷூ போட்டுட்டுப் போய் உட்காருங்க. ஒரு கால் முழுப் பாதமும், இன்னொரு கால் முன்பாதமாவது தரையில் படணும். செருப்போட போய் உட்கார்ந்து பார்க்கிறது கணக்கில் வராது.

அடுத்தது, தலைப்பில் சொன்ன பரிசோதனை. வித்தவர் வண்டியைப் படுக்க வைக்க விடமாட்டார், அது நியாயம். அதே மாடல் வச்சிருக்கிற நண்பரைப் பிடிங்க. பிரியாணி வாங்கிக் கொடுத்தாவது சம்மதிக்க வைங்க. புல் தரையில் வண்டியை மெதுவா சாய்ச்சுப் படுக்க வைங்க. இன்ஜின் ஆஃப், கியரில் இருக்கட்டும். வலப்பக்கம் சாய்ஞ்சிருந்தா சைடு ஸ்டாண்டை முதல்லயே இறக்கி வச்சுடுங்க, இல்லேன்னா தூக்கின வேகத்தில் அந்தப் பக்கம் போயிடும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்பக்கத்தை அண்டக் கொடுத்து, முட்டியை மடக்கி, கீழ் ஹேண்டிலை ஒரு கை, கேரியரை ஒரு கை பிடிச்சு, காலால் தள்ளிப் பின்னாடி நடங்க. முதுகை வளைக்கவே கூடாது. தனியாத் தூக்க முடிஞ்சா அந்த வண்டி உங்களுக்கு. முடியலைன்னா சிசி குறைஞ்ச வண்டியைப் பாருங்க, வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஜவ்வாது மலையில் ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் மதியம் ரெண்டு மணிக்கு அது விழுந்தா தூக்க அங்கே யாரு இருக்கா? ஏற்கனவே டிஸ்க் பிரச்சினை இருக்கிறவங்க இந்தப் பரிசோதனையே பண்ணவேண்டாம். உங்களுக்கு 150 கிலோ பக்கம் இருக்கிற வண்டிதான், அதில் பேச்சே இல்லை.

"டாக்டர், எக்ஸ்பல்ஸ்ல 18 குதிரைதானே, ஹைவேல எப்படி?"ன்னு அடுத்த கேள்வி வரும். உண்மைதான். 80, 85-ல் நிம்மதியாப் போகும், அதுக்கு மேல மூச்சு வாங்கும். உங்க கிட்ட நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான். நீங்க வருஷத்தில் எத்தனை நாள் ஹைவேல 120-ல் போகப் போறீங்க? கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவிலும் வால்பாறை 40 வளைவிலும் ரெண்டாவது கியரில்தான் போறோம். அங்கே எடை குறைஞ்ச வண்டி ஓட்டுறவன்தான் மேல போய்ச் சேரும்போது சிரிச்ச முகமா இருப்பான். மாசம் ரெண்டு தடவை சென்னை பெங்களூரு போறவர், மனைவியோட, ரெண்டு பெட்டியோட போறவர்னா கதை வேற. அவருக்கு ஹிமாலயனோ 390-யோதான் சரி. அவரவர் ரோடு அவரவருக்கு.

ஏபிஎஸ் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். 125 சிசிக்கு மேல் உள்ள எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் கட்டாயம். அதுக்கு முந்தின வண்டிகளில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2016, 2017 ஹிமாலயன் இருபதாயிரம் குறைச்சலாக் கிடைக்குதேன்னு பார்ப்பீங்க. வேண்டாம். ஈர ரோட்டில் நாய் குறுக்கே வரும்போது கை தானா பிரேக்கை அமுக்கும். அந்த நேரத்தில் பயிற்சி, அனுபவம் எல்லாம் கால் செகண்ட் லேட்டாத்தான் வரும். முன்சக்கரம் லாக் ஆனா தலைதான் முதல்ல கீழே போகுது. அந்த இருபதாயிரத்தை மிச்சம் பிடிக்காதீங்க. எக்ஸ்பல்ஸில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ், அது பரவாயில்லை. 390 அட்வென்ச்சரில் வளைவில் சாய்ஞ்சிருக்கும்போதும் வேலை செய்யுற ஏபிஎஸ் உண்டு. அந்த வண்டிக்கு நான் முழு மார்க் போடுற இடம் அதுதான்.

சரி, வண்டி பார்க்கப் போறீங்க. முதல் நாளே போனில் ஒண்ணு சொல்லிடுங்க: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

வெறும் வயித்தில் ரத்தம் எடுக்க வரச் சொல்றோமே, அதே காரணம்தான். சூடான இன்ஜின் எல்லா நோயையும் மறைச்சிடும். ஸ்டார்ட்டிங் ட்ரபிள், டைமிங் செயின் சத்தம், முதல் புகை எல்லாம் குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும். போனதும் வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி இன்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டு போங்க. சூடா இருந்தா, "காலைல பால் வாங்கப் போனேன் சார்"னு சொன்னா, சிரிச்சுட்டு ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்காருங்க. அப்புறம் பாருங்க.

கீறலைப் பார்த்துப் பயப்படாதீங்க. அட்வென்ச்சர் வண்டி விழும், விழுறதுக்காகவே செஞ்சது. லீவர் முனை தேய்ஞ்சிருக்கு, கிராஷ் கார்டில் தழும்பு இருக்குன்னா அது நேர்மையான வண்டி. நாலு வருஷ வண்டியில் கிராஷ் கார்டு மட்டும் புத்தம்புதுசா மின்னினா அங்கேதான் சந்தேகம் வரணும். ஹேண்டிலை முழுசா ஒரு பக்கம் திருப்பினா ஃபிரேமில் ஒரு நிறுத்தி வந்து இடிக்கும். அந்த இடம் நசுங்கியோ, வெல்டு வச்சோ இருந்தா முன்பக்கமா பலமா அடி வாங்கின வண்டி. பேசாம வந்துடுங்க.

டபுள் ஸ்டாண்ட் இருந்தா அதில் போட்டு, பின்பக்கத்தை ஒருத்தரை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, முன்சக்கரம் தரையில் படாம ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாத் திருப்புங்க. நடுவில் வந்ததும் 'டக்'குனு ஒரு பள்ளத்தில் உட்கார்ற மாதிரி இருந்தா கோன் செட் போச்சு. பெரிய செலவில்லை, ஆனா பேரம் பேச உதவும். ஃபோர்க் குழாயை விரலால் துடைச்சுப் பார்த்து எண்ணெய் ஒட்டினா ஆயில் சீல் மாத்தணும். ஸ்போக் ஒவ்வொண்ணையும் சின்ன ஸ்பேனரால் தட்டுங்க. மற்றதெல்லாம் மணி மாதிரி கேட்கும்போது ஒண்ணு மட்டும் மொத்தையாக் கேட்டா அது லூஸ். (நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற பழைய வைத்தியம் இதுக்கும் பொருந்தும்.) டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷ ரப்பர் கல்லு மாதிரி ஆகியிருக்கும், மழையில் பிடிக்காது.

கிலோமீட்டரை நம்பவேண்டாம். சர்வீஸ் பில்லை நம்புங்க. பில் இல்லைன்னா பிரேக் டிஸ்க் ஓரத்தில் நகத்தை வச்சுப் பாருங்க. மேடு தட்டினா நிறைய ஓடியிருக்கு. 9,000 கிலோமீட்டர்னு மீட்டர் காட்டி, டிஸ்க் பள்ளம் விழுந்திருந்தா மீட்டர் பொய் சொல்லுது, இல்லேன்னா ஓனர் சொல்றார். எக்ஸ்ட்ரா லைட்டு, ஹாரன், சார்ஜர்னு வயரை வெட்டி ஒட்டியிருந்தா அதுக்காக ஒரு ரூபாய்கூட சேர்த்துக் கொடுக்காதீங்க. குறைச்சுக் கேளுங்க.

இதெல்லாம் எந்த நல்ல மெக்கானிக்கும் சொல்லிடுவார். இனி நான் சொல்லப்போறதுக்காகத்தான் இந்த த்ரெட்டையே எழுத உட்கார்ந்தேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருத்தரைக் கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வந்தாங்க. 38 வயசு. மழை விட்ட மலைப்பாதை, வளைவில் தானாச் சறுக்கி தடுப்புச் சுவரில் மோதியிருக்கார். எதிரில் வண்டி எதுவும் இல்லை. நல்ல ஹெல்மெட், தலையில் ஒரு கீறல்கூட இல்லை. நெஞ்சுக்குள்ள ரத்தக்கசிவு. ராத்திரி பதினோரு மணிக்குப் போயிட்டார்.

பத்து நாள் கழிச்சு அவர் மனைவி ஏஆர் காப்பி விஷயமா வந்தாங்க. கூட ஒரு சின்னப் பையன். "இன்சூரன்ஸ் இருக்கு சார், கரெக்டாக் கட்டியிருக்கார்"னு ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாங்க. பிரிச்சுப் பார்த்தேன். பாலிசியில் வேற ஒருத்தர் பேர். ஆர்சியிலும் அதே பேர். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏழு மாசம். பழைய ஓனர் கையெழுத்து போட்ட ஃபார்ம் 29-ம் 30-ம் அந்தக் கவரிலேயே மடிச்சு இருந்துச்சு. "மெதுவா மாத்திக்கலாம்"னு வச்சிருக்கார்.

உங்களுக்குப் புரியணும்னு விளக்கமாச் சொல்றேன். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் என்பது உங்க வண்டியால அடிபட்ட அடுத்தவருக்கு. தானா விழுந்தவருக்கு அதில் எதுவும் இல்லை. ஓட்டுற ஓனருக்குன்னு இருக்கிறது 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அது யாருக்கு? ஆர்சியிலும் பாலிசியிலும் பேர் இருக்கிற ஓனருக்கு, லைசென்ஸ் இருந்தா. அந்த மனிதர் சட்டப்படி அந்த வண்டிக்கு ஓனரே இல்லை. அவங்க முகத்தைப் பார்த்து இதை நான் சொல்லலை. வக்கீலைப் பாருங்கம்மான்னு மட்டும் சொன்னேன். கோழைத்தனம்தான்.

அதனால வண்டியைக் கையில் வாங்கின அன்னிக்கே இதைப் பண்ணுங்க. ஃபார்ம் 29, 30 போட்டு ஆர்டிஓவில் பேர் மாற்ற விண்ணப்பிக்கணும். வாங்கினவருக்குச் சட்டம் தர்ற அவகாசம் 30 நாள். லோன் இருந்த வண்டின்னா பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35-ம் வாங்காம காசு கொடுக்காதீங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்க. தனிநபர் விபத்துக் காப்பீட்டை உங்க பேரில், நாமினி பேரோட, தனியாக் கேட்டு வாங்குங்க. அது தானா உங்களுக்கு வராது. பெங்களூரு வண்டி சல்லிசாக் கிடைக்குதுன்னு போறவங்க, அங்கேயிருந்து என்ஓசி வாங்கி இங்கே மறுபதிவு பண்ணி வாழ்நாள் வரி கட்டுற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பெரும்பாலும் சல்லிசா இருக்காது.

வண்டியை விக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பேர் மாறுற வரைக்கும் அந்த வண்டி யாரை இடிச்சாலும் பொறுப்பு ஆர்சியில் பேர் இருக்கிறவருக்குத்தான்னு 2018-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. "நான்தான் வித்துட்டேனே"ன்னு கோர்ட்டில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இப்ப கேள்வி கேட்ட நண்பருக்கு. சார், தாராளமா வாங்குங்க. ஆனா ஒரு லட்சத்து அறுபதாயிரத்தையும் வண்டிக்கே போடாதீங்க. வண்டி ஒரு லட்சத்து இருபதுக்குள்ள. மீதியில் டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், இன்சூரன்ஸ். அப்புறம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட், முட்டிக்கு கார்டு, கணுக்காலை மூடுற பூட்ஸ். ஜாக்கெட்டை எல்லாரும் வாங்குறாங்க, ஃபோட்டோவில் நல்லா இருக்கும். பூட்ஸை யாரும் வாங்குறதில்லை. என் வார்டில் படுத்திருக்கிறது எல்லாம் முட்டிக்குக் கீழேதான்.

சுகருக்கு: பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்குன்னு முதல்ல ஒரு டெஸ்ட் எடுங்க. மரத்துப்போன பாதத்துக்கு சைலன்சர் சூடும் தெரியாது, பிரேக் பெடலும் தெரியாது. நீங்க போடுற மாத்திரையில் கிளிமிபிரைடு இருந்தா, விடிகாலையில் மாத்திரையைப் போட்டுட்டு "டிஃபன் வழியில பார்த்துக்கலாம்"னு கிளம்புற வேலையே வேண்டாம். லோ சுகர் வர்றப்ப முதல்ல கெடுறது நிதானம்தான், அது கெட்டது உங்களுக்கே தெரியாது. சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க, டேங்க் பையில் குளுக்கோஸ் வச்சுக்குங்க, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடங்க.

வீட்ல வேண்டாங்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவங்களையும் வண்டி பார்க்கக் கூட்டிட்டுப் போங்க. பின்சீட்டில் ஏறி உட்காரச் சொல்லுங்க. அவங்க ஏறும்போது உங்களால வண்டியை ஆடாமப் பிடிக்க முடியுதான்னு அங்கேயே தெரிஞ்சுடும். இன்சூரன்ஸ் பேப்பரை அவங்க கையிலேயே கொடுங்க, நாமினி பேர் சரியா இருக்கான்னு பார்க்கட்டும்.

நேத்து அவர் திரும்ப எழுதியிருந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு 2020 எக்ஸ்பல்ஸ் பார்த்து வச்சிருக்காராம், ரெண்டாவது ஓனர், 22,000 கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை காலை நானும் கூடப் போறேன். ஏழு மணிக்கு வர்றோம், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணவேண்டாம்னு ஓனர்கிட்ட சொல்லியாச்சு.